கேன்சர் குணமான பிறகு யார் டாக்டர்? (அடையாறு முதல் அம்பத்தூர் வரை ஒரு வரலாறு)



ஆங்கிலத்தில் 'கேன்சர் சர்வைவர்' என்று ஒரு சொல் இருக்கிறது. இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். 'புற்றுநோயாளி' என்றால் நோய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். 'குணமானவர்' என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்று ஆகிவிடும். பத்திரிகைகளில் 'புற்றுநோயை வென்றவர்' என்று போடுகிறார்கள். மேடையில் சால்வை போர்த்தும்போது அது சரி. வீட்டில் நாம் சொல்வது, "அவங்களுக்கு முன்னாடி கேன்சர் இருந்துச்சு, இப்ப பரவாயில்ல". அதையும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்கிறோம்.

சொல் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. ரொம்ப காலம் அப்படிப்பட்ட ஆட்களே குறைவு. பிறகு ஆட்கள் பெருகினார்கள். அவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இளம் டாக்டர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், எப்போது கற்றுக்கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் அது அடையாறில் தொடங்கி, அமெரிக்கா, பம்பாய் எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வந்து நிற்கிறது. கட்டுரை கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள் :-)

(நான் மருத்துவ மாணவன் இல்லை. படித்ததை எழுதுகிறேன். மருந்து மாத்திரை சந்தேகத்துக்கு உங்கள் டாக்டரிடம்தான் போக வேண்டும்.)

டாக்டர்களுக்கே தெரியாத நோய்

கதை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம் தொடங்குகிறது. 1886ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். சட்டமன்றம், தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம் எல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். அவருடைய தங்கை கேன்சரில் இறந்துபோனார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்று. அக்கா ஒரு டாக்டர், பார்த்தவர்களும் டாக்டர்கள், அப்படியிருந்தும் நோய் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் ஸ்கேனோ இன்றைய பயாப்ஸி வசதியோ கிடையாது என்பது உண்மைதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அடையாறு ஆஸ்பத்திரியின் விதையே 'டாக்டர்களுக்கு இது சொல்லித்தரப்படவில்லை' என்ற இடத்தில்தான் விழுந்திருக்கிறது. 1925ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போன முத்துலட்சுமி அங்கே கேன்சருக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி நடப்பதைப் பார்த்தார். 1935ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று பேசினார். 1949ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்ட ஆரம்பித்தார்கள். 1952 அக்டோபர் 10 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. பேசியதிலிருந்து திறந்ததுவரை கணக்குப் போட்டால் 19 வருடம்!

இடையில் அரசாங்கத்திடம் உதவி கேட்டுப் போனபோது, கேன்சர் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஒரு ஆஸ்பத்திரி என்கிற மாதிரி பதில் வந்ததாக டாக்டர் சாந்தா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கேட்டால் கோபம் வரும். ஆனால் அந்தக் காலத்தில் பெரும்பாலான டாக்டர்களின் எண்ணமும் அதுதான். ஏன் அப்படி நினைத்தார்கள் என்பதில்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே இருக்கிறது.

வார்டில் தெரியாதவர்கள்

பொது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு ஹவுஸ் சர்ஜனை நினைத்துக்கொள்ளுங்கள். வருடம் 1950 என்று வைத்துக்கொள்வோம். வாயில் புண், கர்ப்பப்பையில் புற்று என்று ஆட்கள் வருகிறார்கள். அறுவை செய்கிறார்கள் அல்லது 'கரண்ட்' வைக்கிறார்கள் (கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்த பெயர்). பிறகு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் பத்துப் பேருக்குக் குணமாகிறது, பத்துப் பேருக்குத் திரும்ப வருகிறது என்று வைத்துக்கொண்டால், மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது யார்? நோய் திரும்பிய பத்துப் பேர் மட்டும்தான். குணமான பத்துப் பேரும் வயல் வேலைக்கோ மில் வேலைக்கோ போய்விட்டார்கள். அவர்களுக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் வரக் காரணமே இல்லை.

ஆக அந்த ஹவுஸ் சர்ஜன் கண்ணில் படுவதெல்லாம் தோல்விதான். முப்பது வருடம் அப்படிப் பார்த்தால், 'கேன்சர் வந்தால் யாரும் பிழைப்பதில்லை' என்பதை அவர் அனுபவ உண்மையாகவே நம்புவார். அதையே அடுத்த தலைமுறை மாணவர்களுக்கும் சொல்லித் தருவார். பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தால் ஒழிய இந்தச் சக்கரம் நிற்காது.

அடையாறில் அதைத்தான் செய்தார்கள். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் கேன்சர் சிகிச்சை படித்துவிட்டு வந்தவர். அவரோடு 1955 ஏப்ரலில் வந்து சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. மயிலாப்பூர்ப் பெண், மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. அரசுப் பணிக்குத் தேர்வாகியிருந்தவர். அதை விட்டுவிட்டு 12 படுக்கை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொன்னபோது சுற்றி இருந்தவர்களுக்கு அதிர்ச்சிதான். 1957ல் இங்கே கோபால்ட் இயந்திரம் வந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் கோபால்ட்டுக்குச் சமமான இன்னொரு விஷயம் அங்கே இருந்த ஃபைல் அலமாரி. சிகிச்சை முடிந்து போனவர் இருக்கிறாரா, எப்படி இருக்கிறார் என்று விடாமல் விசாரிக்கும் பழக்கம் அது. செக்கப்புக்கு வராதவருக்குக் கடிதம் போடுவது, பதில் இல்லையென்றால் வீட்டுக்கே ஆள் அனுப்பித் தேடுவது என்று அது வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஐ.சி.எம்.ஆர். திட்டத்தில் சென்னை நகரப் புற்றுநோய்ப் பதிவேடு அங்கே தொடங்கியபோது, இந்தத் தேடல் முறையாகவே நடந்தது. நம் ஊரில் விலாசம் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கூரியர்காரரைக் கேட்டால் தெரியும்.

இதனால் என்ன ஆயிற்று? 1998ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, வளரும் நாடுகளில் கேன்சர் வந்தவர்கள் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் சென்னையின் கணக்கும் இடம்பெற்றது. கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். வார்டில் மட்டும் உட்கார்ந்திருந்த எந்த டாக்டருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வழியில்லை.

இங்கே ஒரு இடைச்செருகல். பொதுமக்கள் மனதில் 'கேன்சர் = மரணம்' என்று ஆழமாகப் பதிந்ததற்கு ஒரு பெரிய காரணம் அறிஞர் அண்ணா என்று நினைக்கிறேன். 1968ல் நியூயார்க் போய் அறுவை சிகிச்சை முடித்துத் திரும்பினார். ஊரே மகிழ்ந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று போய்விட்டார். அந்த அழுகையைப் பார்த்த தலைமுறைக்கு, 'சிகிச்சை முடிந்தது' என்றாலே அடுத்து என்ன வரும் என்பது மனதில் எழுதிவைக்கப்பட்டுவிட்டது. பூந்தமல்லியில் இருந்து பெங்களூர் சாலையிலேயே போனால் காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் அண்ணா பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நம்ம பக்கத்து ஆட்களில் பலர் அடையாறை விட அங்கே போவதுதான் சுலபம் என்பார்கள்.

நோயாளியாகிப்போன ஒரு டாக்டர்

பிழைத்தவர்களைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அடையாறிலும் சரி, உலகத்தில் எங்கேயும் சரி, முதலில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நோய் திரும்பி வந்ததா, இல்லையா? 'இல்லை' என்றால் சந்தோஷம், அடுத்த வருடம் வாங்க. இதற்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது என்பது அமெரிக்காவில் 1970களில்தான் பேச்சுக்கு வந்தது.

1975ல் ஜூலியோ டான்ஜியோ என்ற கதிர்வீச்சு மருத்துவர் குழந்தைகளின் கேன்சர் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குணப்படுத்தினால் மட்டும் போதாது என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. குழந்தை பிழைத்துவிட்டது, சரி. கரண்ட் வைத்த பக்கம் எலும்பு வளரவில்லை என்றால்? இருபது வருடம் கழித்து அதே இடத்தில் வேறு கேன்சர் வந்தால்?

அதே 1975ல் ஃபிட்சு முல்லன் என்ற 32 வயது அமெரிக்க டாக்டர் தன்னுடைய எக்ஸ்ரேயைத் தானே பார்த்து நெஞ்சில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார். அறுவை, கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்து பிழைத்தார். பத்து வருடம் கழித்து 1985ல் ஒரு மருத்துவ இதழில் தன் அனுபவத்தை எழுதினார். சுருக்கமாக அவர் சொன்னது இதுதான்: நோய் இருக்கிறவர், குணமானவர் என்று இரண்டே பெட்டிகளாகப் பிரிப்பது தப்பு. கேன்சர் என்று சொன்ன நாளில் இருந்தே அந்த மனிதர் பிழைத்துக்கொண்டிருப்பவர்தான். முதலில் சிகிச்சைக் காலம். பிறகு 'திரும்பி வருமோ' என்று பயந்துகொண்டு வாழும் காலம். அதற்குப் பிறகு வருவதுதான் நீண்ட காலம். உடம்பில் சிகிச்சையின் தழும்புகளோடு வேலை, கல்யாணம், இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டும் காலம் அது. அடுத்த வருடமே (1986) அமெரிக்காவில் இப்படிப் பிழைத்தவர்களுக்காக ஒரு கூட்டமைப்பு உருவானதில் அவரும் ஒருவர். டாக்டருக்கே வந்தால்தான் டாக்டர்களுக்குப் புரியும் போல!

1984

நம் ஊரில் திருப்புமுனையான வருடம் 1984. அந்த வருடம் அடையாறில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது, கேன்சருக்கென்றே ஒரு கல்லூரி. அதுவரை இந்தியாவில் கேன்சர் டாக்டர் என்று தனியாக யாரும் படித்து வருவதற்கு வழி குறைவு. கதிர்வீச்சு படித்தவர் கரண்ட் வைப்பார், பொது சர்ஜன் அறுப்பார், பொது மருத்துவர் மருந்து கொடுப்பார். கேன்சர் மருத்துவத்துக்கு டி.எம்., கேன்சர் அறுவைக்கு எம்.சிஹெச். என்ற மேல்பட்டப் படிப்புகள் இந்தியாவிலேயே முதலில் அங்கேதான் வந்தன. பின்னால் முத்துலட்சுமியின் பெயரையே கல்லூரிக்கு வைத்தார்கள்.

இரண்டாவது, ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு ஒரு புதிய சிகிச்சை முறை. பெயர் எம்.சி.பி. 841. அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த இயன் மாக்ராத்தோடு சேர்ந்து உருவாக்கியது. அடையாறு, பம்பாய் டாட்டா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ் மூன்று இடத்திலும் ஒரே முறை. அதற்கு முன் நான்கு வருடம் நோய் திரும்பாமல் இருந்த பிள்ளைகள் 20 சதவீதத்துக்கும் கீழே. இந்த முறை வந்த பிறகு அது 45 முதல் 60 சதவீதம் ஆனது. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பத்துப் பிள்ளைகளில் எட்டைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த ஒரு வார்டு, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தது.

அந்தச் சிகிச்சையில் டானோரூபிசின் வகை மருந்து இருந்தது. பிற்காலத்தில் இதயத்தைப் பலவீனமாக்கக்கூடிய குடும்பத்து மருந்து அது. தலைக்குக் கரண்ட் வைப்பதும் இருந்தது. அது பின்னால் படிப்பையும் வளர்ச்சியையும் பாதிக்கலாம். வேறு வழியே இல்லாத காலம், உயிர்தான் முதலில். ஆனால் 1984க்குப் பிறகு அங்கே படித்த இளம் டாக்டர்களுக்கு ஒரு கையில் புதுப் பட்டமும் இன்னொரு கையில் நம் நாடு அதுவரை பெரிய எண்ணிக்கையில் பார்த்திராத ஒரு கூட்டமும் கிடைத்தது: ரத்தப் புற்று வந்து பிழைத்து, வளர்ந்து, எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போகும் பிள்ளைகள்!

இவர்களுக்காகத் தனி நேரம் ஒதுக்கி, தனி கிளினிக் என்று பம்பாயில் டாட்டா மெமோரியல் 1991ல் தொடங்கியது. 'சிகிச்சை முடிந்த பிறகு' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக 'ஆக்ட்' கிளினிக் என்று பெயர். அதை முன்னின்று நடத்தியவர் டாக்டர் பூர்ணா குர்குரே. அங்கே பயிற்சிக்கு வந்த டாக்டர்கள் நோய் திரும்பியதா என்று மட்டும் பார்க்கவில்லை. உயரம், இதயம், தைராய்டு, பள்ளிப் படிப்பு, குழந்தை பிறக்குமா என்பது வரை கேட்கப் பழகினார்கள். பிழைத்த இளைஞர்களே சேர்ந்து 2009ல் 'உகம்' என்ற குழுவையும் தொடங்கினார்கள்.

2005ல் அமெரிக்காவில் ஒரு பெரிய அறிக்கை வந்தது. சிகிச்சை முடிந்தவர் கேன்சர் டாக்டருக்கும் குடும்ப டாக்டருக்கும் நடுவில் தொலைந்துபோகிறார், அதனால் ஒவ்வொருவர் கையிலும் என்ன சிகிச்சை நடந்தது, இனி என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தாள் எழுதிக் கொடுங்கள் என்றது. அதே 2000களில் கலிபோர்னியாவில் யு.சி.எல்.ஏ., யு.சி.எஸ்.எஃப்., ட்ரூ மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, சாதாரண மருத்துவ மாணவர்களுக்கே இதைப் பாடமாக்கிப் பார்த்தன. கேன்சர் நிபுணராகப் போகிறவருக்கு மட்டும் இல்லை, நாளைக்குத் தெருமுனையில் கிளினிக் போடப்போகிறவருக்கும்.

அந்தத் தெருமுனைக்குத்தான் இப்போது போகப்போகிறோம்.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

முதலில் ஒரு கொசுறுத் தகவல். சென்னைப் பதிவேடு கணக்கெடுத்தது பழைய மாநகராட்சி எல்லைக்குள் குடியிருந்தவர்களை. அம்பத்தூர் மாநகராட்சியில் சேர்ந்தது 2011ல்தான். ஆவடியும் பூந்தமல்லியும் இன்றுவரை சென்னை மாநகராட்சிக்கு வெளியேதான் (ஆவடி 2019ல் தனி மாநகராட்சி ஆனது). ஆக 1990ல் அண்ணா நகரில் ஒருவருக்குக் கேன்சர் வந்தால் அவர் சென்னைக் கணக்கில் வருவார். பாடி தாண்டி அம்பத்தூர் வந்துவிட்டால் அதே அடையாறில் சிகிச்சை எடுத்திருந்தாலும் நகரக் கணக்கில் வரமாட்டார். ஆஸ்பத்திரி ஃபைலில் மட்டும் இருப்பார். மாநிலம் முழுக்கப் பதிவு செய்யும் திட்டம் 2012ல் வந்த பிறகுதான் நம்ம பக்கம் முழுதாகக் கணக்குக்குள் வந்தது.

பதிவேட்டை விடுங்கள், அது புள்ளிவிவரம். ஆள் எங்கே போகிறார்? அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. கேன்சர் மாதிரி நீண்ட நோய்களுக்கு, தகுதி இருந்தால் இரண்டு வருடம்வரை சம்பளத்தில் 80 சதவீதம் தரும் நல்ல ஏற்பாடு அதில் இருக்கிறது. சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பும்போது 'ஃபிட்னஸ்' சான்றிதழ் வேண்டும். எழுதுகிறவர் யார்? பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடித்த ஒரு இளம் டாக்டர். எதிரே நிற்கிற மனிதருக்கு இதயத்தைப் பாதிக்கும் கீமோ போயிருக்கிறது. அவர் முப்பது கிலோ இரும்பைத் தூக்கலாமா? சிஸ்பிளாட்டின் போனதில் காது மந்தமாகியிருந்தால் பிரஸ் மெஷின் பக்கத்தில் நிற்கலாமா? விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தால் சின்ன ஸ்க்ரூ மாட்டும் வேலை முடியுமா? இவையெல்லாம் கேன்சர் நிபுணர் முன்னால் வரும் கேள்விகளே கிடையாது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் வரும் கேள்விகள்.

எங்கள் தெருவில் ஒரு அத்தை இருக்கிறார். பதினோரு வருடம் முன்னால் மார்பில் ஆபரேஷன், அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். போன வருடம் அந்தப் பக்கக் கை வீங்கியது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினார். 'உடம்பில் நீர் சேர்ந்திருக்கு' என்று சிறுநீர் பிரியும் மாத்திரை கொடுத்தார்கள். ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை, அது பழைய கதை என்று நினைத்துவிட்டார். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு வருடங்கள் கழித்தும் இப்படிக் கை வீங்கலாம். அதற்கு அந்த மாத்திரை வைத்தியம் இல்லை. அழுத்தமான கையுறை, பயிற்சி, தோலில் புண் வராமல் பார்த்துக்கொள்வது, இவைதான். திரும்பவும் கேன்சர் வந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்க வேண்டும். நாலு மாதம் வீணாயிற்று. அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் திறப்பவர். அவர் படித்த ஐந்தரை வருடத்தில் இதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எம்.பி.பி.எஸ். படிப்பில் கேன்சருக்கென்று தனிப் பாடம் கிடையாது. மார்பகம் சர்ஜரியில் வரும், கர்ப்பப்பை மகப்பேறில் வரும், ரத்தப் புற்று மெடிசினில் வரும். எல்லா இடத்திலும் அறிகுறி, ஸ்டேஜ், சிகிச்சை. அத்தியாயம் அதோடு முடியும். சிகிச்சைக்குப் பிறகு இருக்கும் முப்பது வருடம் எந்தத் துறையின் அத்தியாயத்திலும் முழுதாக வராது.

ஆச்சரியமாக, இந்த விஷயத்தில் பல் டாக்டர்கள் ஒரு படி முன்னால் இருக்கிறார்கள். வாய்ப் புற்றுக்கோ தொண்டைப் புற்றுக்கோ கரண்ட் வைத்த தாடையில் பத்து வருடம் கழித்துப் பல்லைப் பிடுங்கினாலும் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். பி.டி.எஸ். மாணவர்களுக்கு இது பரீட்சைக் கேள்வி. வெற்றிலை பாக்கும் புகையிலையும் போடும் ஊரில் இது எவ்வளவு பேரைக் காப்பாற்றும் என்று யோசியுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி சவீதா பல் மருத்துவக் கல்லூரி 1988ல் இருந்தே இருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு மாணவி "இதுக்கு முன்னாடி கழுத்துப் பக்கம் கரண்ட் வெச்சிருக்காங்களா?" என்று கேட்கப் பழகுகிறாள் என்றால், அதே சாலையில் எம்.பி.பி.எஸ். படிக்கும் பையனாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழக முடியும்.

அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2007ல் தேனியிலும் தஞ்சாவூரிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுப் பரிசோதனையைச் சோதனையாகத் தொடங்கி, 2012ல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். 2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வலி தணிப்பு சேவையும் வீட்டுக்கே வருகின்றன. ஒன்று நோயைக் கண்டுபிடிக்க, இன்னொன்று கடைசிக் காலத்தில் வலியைத் தணிக்க. நடுவில் இருக்கும் ஆளுக்கு, அதாவது பிழைத்து நடமாடிக்கொண்டிருப்பவருக்கு, இன்னும் தனி இடம் அமையவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொல் இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, படிவத்திலும் கட்டம் இல்லை!

'அதான் அடையாறு இருக்கே, வருஷத்துக்கு ஒருதரம் போனா போச்சு' என்று சிலர் சொல்லலாம். ஆவடியில் ரயிலேறி சென்ட்ரல் வந்து, பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாறிப் போய், வரிசையில் நின்று, திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். முதல் ஐந்து வருடம் பயத்தில் போவார்கள். பத்தாவது வருடம் யாரும் போவதில்லை. சிகிச்சையின் பின்விளைவுகளில் பல தலைகாட்டுவது அந்தப் பத்தாவது வருடத்துக்குப் பிறகுதான். மேலும், புதிதாக நோய் வந்தவர்களே அங்கே குவிகிறார்கள். பிழைத்த எல்லோரையும் ஆயுசுக்கும் அந்த ஒரு வாசலிலேயே பார்ப்பது நடக்கிற காரியமில்லை. டாக்டர் சாந்தா 2021 ஜனவரி 19 அன்று காலமாகும் வரை அந்த வளாகத்திலேயே குடியிருந்தார். அவரைப் போல ஆஸ்பத்திரியிலேயே வாழ எல்லோராலும் முடியாது. தெருமுனை டாக்டருக்கு அதில் கால்வாசி தெரிந்தால்கூடப் போதும்.

இதற்கான வாசல் ஒன்று ஏற்கெனவே திறந்திருக்கிறது என்பது என் கருத்து. 2022ல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு 'குடும்பத் தத்தெடுப்பு' என்று ஒன்றைத் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் குறைந்தது மூன்று குடும்பங்களை எடுத்துக்கொண்டு, முதல் வருடத்திலிருந்தே போய்ப் பார்த்து வர வேண்டும். பழைய மாணவர்கள் வார்டில் பார்த்த நோயாளியை மூன்று நாளில் மறந்துவிடுவார்கள். இவர்கள் அதே வீட்டுக்கு வருடக்கணக்கில் போகிறார்கள். அடையாறில் கடிதம் போட்டும் ஆள் அனுப்பியும் தேடியதைப் போன்ற ஒன்றைப் பாடத்திட்டமே செய்யச் சொல்கிறது. போரூர், தண்டலம், பூந்தமல்லி பக்கத்துக் கல்லூரிகளின் மாணவர்கள் இப்படித்தான் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய் வருகிறார்கள். நம்ம வகுப்பிலேயே இரண்டு பேரின் அண்ணன், அக்கா அங்கே படிக்கிறார்கள். அவர்களிடம் இதைக் காட்டுங்கள். அந்த வீடுகளில் பிரஷரும் சர்க்கரையும் பார்த்த பிறகு, பெரியவர்களிடம் இன்னும் ஒன்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: "முன்னாடி எப்பவாவது கேன்சருக்குக் கரண்டோ, மருந்து ஊசியோ, ஆபரேஷனோ நடந்திருக்காம்மா?"

ஆமாம் என்று பதில் வந்தால், பீரோ மேலேயோ பரணிலோ ஒரு மஞ்சப்பையில் பழைய ஃபைல் கட்டாயம் இருக்கும். நம் ஆட்கள் அதைத் தூக்கிப் போடவே மாட்டார்கள். எந்த வருடம், எந்த மருந்து, எவ்வளவு அளவு, எந்த இடத்தில் கரண்ட் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.